ஸெய்பெக் ஆட்டம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாகத் துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் நான்கு வருடம் இருந்தேன். அங்கே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக எழுந்து ஆடினார். அன்று பிடித்தது ஸெய்பெக் பைத்தியம். மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டு குளிர்காலம் கற்றும் பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு யாரிடம் வீடியோவைக் காட்டினாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. வாட்ஸப்பில் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள்.

துருக்கி டான்ஸ்னா வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு சுத்துவாங்களே, அதுதானே?

இல்லை. அது கொன்யா நகரத்தோடு சேர்த்து அறியப்படும் மெவ்லெவி சூஃபிகளின் 'ஸெமா'. அது வழிபாடு. செய்பவர்கள் அதை ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக ஹோட்டல்களில் நடக்கும் இடுப்பாட்டமும் இது அல்ல.

துருக்கியில் வட்டாரத்துக்கு ஒரு நாட்டுப்புற ஆட்டம் உண்டு. கருங்கடல் ஓரத்தில் 'ஹொரோன்', படபடவென்று உடம்பே நடுங்குகிற மாதிரி. கிழக்கிலும் தென்கிழக்கிலும் கைகோத்து வரிசையாக ஆடும் 'ஹலாய்'. ஸெய்பெக் மேற்கே ஏஜியன் கடல் பக்கத்தது. இஸ்மிர், அய்தின், மூலா, மனிசா, தெனிஸ்லி, உள்ளே தள்ளி புர்துர், குதாயா வரை பரவியிருக்கிறது. ஹொரோன், ஹலாய் இரண்டிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டும் முக்கியமான விஷயம்: யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை.

ஸெய்பெக்னா என்ன அர்த்தம்? சாதிப் பேரா, ஊர்ப் பேரா?

இரண்டும் இல்லை. உஸ்மானியப் பேரரசின் கடைசிக் காலத்தில் ஏஜியன் பக்கத்து மலைகளில் ஆயுதத்தோடு திரிந்த குழுக்களைச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர். குழுத் தலைவன் 'எஃபே'. அவனுக்குக் கீழே தேர்ந்த வீரர்கள்தான் ஸெய்பெக்குகள். புதிதாகச் சேர்ந்த இளைஞன் 'கிஸான்'. எஃபே வைத்ததுதான் சட்டம்.

இன்றைக்கு எஃபே என்பது மரியாதைச் சொல். தைரியசாலி, சொன்ன சொல் தவறாதவன் என்ற பொருளில் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பெயராகவும் வைக்கிறார்கள். என் வகுப்பிலேயே மூன்று எஃபேக்கள் இருந்தார்கள்.

அவங்க கொள்ளைக்காரங்களா, ஹீரோவா? நெட்ல ரெண்டு மாதிரியும் போட்டிருக்கு.

இரண்டுமேதான். வரிக்கொடுமை, கட்டாய ராணுவச் சேவை, உள்ளூர் நிலக்காரர்களின் அட்டகாசம், இவற்றுக்குப் பயந்தோ பழிவாங்கவோ மலையேறியவர்கள் நிறைய. மலையில் சாப்பாடு முளைக்காது. பணக்காரர்களிடமும் வணிகக் கூட்டங்களிடமும் பறித்தார்கள். 1829இல் அத்சாலி கெல் மெஹ்மெத் என்பவர் அய்தின் நகரத்தையே பிடித்து, வரியை மாற்றி, கொஞ்ச நாள் ஆட்சியும் நடத்தினார். 'கெல்' என்றால் வழுக்கை. அடுத்த வருடமே அரசுப்படை அவரைக் கொன்றது.

மிகப் பிரபலமானவர் ஒதெமிஷ் பக்கத்து சகிர்ஜலி மெஹ்மெத் எஃபே. 1911இல் மோதலில் இறந்தார். ஏழைகளுக்குக் கொடுத்தார், பாலம் கட்டினார் என்று ஒரு பக்கம் கதை. ஈவிரக்கமில்லாமல் கொன்றார் என்பதும் அதே ஊர்க்காரர்கள் சொல்வதுதான். அவரைப் பற்றிய 'இஸ்மிரின் பாப்ளர் மரங்கள்' என்ற பாட்டை இன்றும் கல்யாணங்களில் பாடுகிறார்கள்.

இந்தக் குழுக்களுக்கு இருந்த கெட்ட பெயர் முழுசாக மாறியது 1919இல். அந்த மே மாதம் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. மலையில் இருந்தவர்கள் இறங்கி வந்து எதிர்த்தார்கள். ஏறக்குறைய ஒரே மாதத்தில் யொருக் அலி எஃபேயின் ஆட்கள் மல்காச் பாலத்தில் இருந்த கிரேக்கக் காவல் முகாமைத் தாக்கினார்கள். அதுவரை தலைக்கு விலை வைக்கப்பட்டவர்கள் பாடப்புத்தக நாயகர்களாக ஆனது அப்படித்தான்.

இவ்வளவு மெதுவா ஆடறாங்களே! இது ஆட்டமா, நடையா?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு காலைத் தூக்குகிறார், தூக்கியபடியே நிற்கிறார். நம் கை தாளம் போடத் துடிக்கிறது, அவர் அசைவதாக இல்லை. 'சரி, மறந்துவிட்டார் போல' என்று நினைக்கும்போது கால் கீழே வருகிறது, முரசு அதே நொடியில் விழுகிறது. அந்தக் காத்திருப்புதான் ஆட்டம். மற்ற அடவுகளெல்லாம் ஒரு காத்திருப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி.

எங்கள் ஆசிரியர் அடவைத் தப்பாகப் போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவசரப்பட்டால்தான் கத்துவார். "பஸ்ஸைப் பிடிக்கவா போகிறாய்?" என்பார். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், பார்வை தரைக்குப் போகக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிரிக்காமல் இருப்பது எனக்கு முழங்காலை மடக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எல்லா ஸெய்பெக்கும் மெதுவானது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவானது 'ஆர்', அதாவது கனமானது. வேகமானது 'கிவ்ராக்', சுறுசுறுப்பானது. வேகமானது சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஒருவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று கனமானதில்தான் தெரியும்.

தாளம் பிடிபடவே மாட்டேங்குது. எட்டு எண்ணினா ஒண்ணு மிஞ்சுது!

மிஞ்சத்தான் செய்யும். ஸெய்பெக் ஒன்பது எண்ணிக்கை. அந்த ஒன்பதை மும்மூன்றாகப் பிரிக்காமல், மூன்று இரட்டையும் ஒரு மூன்றுமாகப் பிரிக்கிறார்கள். பாட்டைப் பொறுத்து அந்த மூன்று கடைசியில் வரலாம் (2+2+2+3), முதலிலேயே வரலாம் (3+2+2+2), நடுவிலும் வரலாம்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. கர்நாடக இசையில் ஒன்பது எண்ணும் சங்கீர்ண நடைக்குச் சொல்லும் 'தகதிமி தகதகிட' நினைவிருக்கிறதா? அதைத் 'தக-திமி-தக-தகிட' என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். அதுதான் 2+2+2+3. உடனே இரண்டு மரபுக்கும் பூர்வீகத் தொடர்பு என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். எண்ணிப் பழக உதவும், அவ்வளவுதான். மிருதங்கம் படித்த என் அத்தை பையன் வேகமான ஸெய்பெக்கை முதல் முறை கேட்டபோதே தொடையில் சரியாகத் தட்டிவிட்டான்.

கனமானதில் சிக்கல் வேறு. ஒன்பதும் முடிய ஏழெட்டு விநாடி ஆகும். அடிக்கும் அடிக்கும் இடையே அவ்வளவு இடைவெளி இருப்பதால் மனசு ஓடிப்போய்விடுகிறது. அதற்கு ஒரே வழி, ஒவ்வோர் எண்ணிக்கையையும் உள்ளுக்குள் இரண்டாக உடைத்து எண்ணுவது.

இந்த 2+2+2+3ஐ ஜாஸ் ரசிகர்கள் வேறு வழியாகக் கேட்டிருப்பார்கள். அமெரிக்கப் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் 1958இல் இஸ்தான்புல் தெருவில் வாத்தியக்காரர்கள் வாசித்ததைக் கேட்டு அசந்துபோய், அந்தக் கணக்கிலேயே 'புளூ ரோண்டோ அ லா துர்க்' என்ற துண்டை அமைத்தார். அது 1959இல் வெளிவந்தது. ஆனால் அதன் ஓட்டம் கனமான ஸெய்பெக்குக்கு நேர் எதிர்.

நம்ம நாதஸ்வரம், தவில் மாதிரியே கேக்குதே?

கேட்கும். 'ஸுர்னா' என்பதும் நாகஸ்வரத்தைப் போல இரட்டைச் சீவாளி வைத்த மரக்குழல்தான். 'தாவுல்' இரண்டு பக்கமும் தோல் கட்டிய பெரிய முரசு. தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் தடித்த கட்டையால் அதிர அடிப்பார்கள், மறு கையில் மெல்லிய குச்சியால் இடையில் பொடிபொடியாகத் தட்டுவார்கள். தாளத்தின் எலும்பு கட்டையடி, சதை குச்சித்தட்டு. இரண்டுமே வெட்டவெளிக்கான வாத்தியம். அறைக்குள் வாசித்தால் காது தாங்காது.

ஆனால் ஊதும் முறை வேறு. நம் வித்வான் சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும் கமகம் கொடுப்பார். ஸுர்னாக்காரர் சீவாளி முழுவதையும் வாய்க்குள் விட்டுக்கொள்கிறார். உதடு அதைத் தொடுவதே இல்லை, வெளியே இருக்கும் ஒரு வட்டத் தகட்டில் அழுந்தி நிற்கும். கன்னத்தில் காற்றைத் தேக்கி அது வெளியேறும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வதால் ஓசை அறுவதே இல்லை. மேற்குத் துருக்கியில் 'கபா ஸுர்னா' என்ற பெரிய வகைதான் வழக்கம், குரல் சற்றுக் கனமாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு பேர் வாசிப்பார்கள். ஒருவர் பாட்டை, இன்னொருவர் ஒரே சுரத்தை. நம் ஒத்து செய்யும் வேலைதான் அது. அங்கே அதற்குப் பெயர் 'தெம்'. வாசிப்பவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இதே தொழிலில் இருக்கும் ரோமா (ஜிப்ஸி) இனக் குடும்பத்தினர்.

வீட்டுக்குள் என்றால் 'பாலமா' என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம். பெயருக்கே 'கட்டுதல்' என்று பொருள். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகளைக் கழுத்தில் இழையால் கட்டியிருப்பார்கள். புர்துர் பக்கம் 'சிப்ஸி' என்று விரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிய நாணல் குழல் உண்டு. அதன் குரல் பூச்சி ரீங்காரம் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் உயிரை விடுகிறார்கள்.

ஆரம்பத்துல சும்மா சுத்திச் சுத்தி நடக்கறாங்களே, மியூசிக் இன்னும் ஆரம்பிக்கலையா?

ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பெயர் 'கெஸின்லெமே', உலாவுதல். ஸுர்னா தாளக்கட்டு இல்லாமல் இழுத்து வாசிக்கும். ஆடப்போகிறவர் களத்தைச் சுற்றி நடப்பார். கையைத் தளர விட்டிருப்பார். அந்த நடையிலேயே இடம் அவருடையதாகிவிடும். பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், வாத்தியக்காரர் அவருடைய மூச்சைக் கணிப்பார். கச்சேரியில் ஆலாபனை எதற்கோ, ஏறக்குறைய அதற்குத்தான் இதுவும்.

வீடியோ போடுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்தப் பகுதியைத்தான். தயவுசெய்து வெட்டாததைத் தேடிப் பாருங்கள்.

முட்டியைத் தரையில டொம்னு அடிக்கிறாங்களே, வலிக்காதா?

அடிப்பதில்லை, தொடுவார்கள். ஒற்றைக் காலில் எடை முழுவதையும் தாங்கிக்கொண்டு மெல்ல இறங்கி, மற்ற முழங்கால் தரையைத் தொட்டதும் எழ வேண்டும். டொம் என்று கேட்டால் தொடையில் வலு இல்லை என்று பொருள். எனக்கு முதல் மூன்று மாதமும் டொம்தான். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குவேன்.

கைகளைத் தோள் உயரத்துக்கு விரிப்பது கழுகு சிறகு விரிப்பதைப் போல என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். விரலைச் சொடுக்குவதும் உண்டு. அதுவும் தாளத்தோடு சேர்ந்து விழ வேண்டும், சும்மா அழகுக்கு இல்லை.

அரை டவுசர் மாதிரி ஒண்ணு போட்டிருக்காங்களே, அது என்ன டிரஸ்?

மலைக்காட்டில் ஓடவும் ஏறவும் தோதாக முழங்காலுக்கு மேலே நின்றுவிடும் கால்சட்டை. மேலே சரிகை வேலை செய்த 'ஜெப்கென்' என்ற குட்டைச் சட்டை. இடுப்பில் கத்தியும் துப்பாக்கியும் செருக அகலமான தோல்கச்சை. தலையில் ஃபெஸ் குல்லாய், அதைச் சுற்றி ஊசிவேலைப் பூக்கள் தொங்கும் துணி. அவ்வளவு முரட்டு ஆளின் தலையில் அவ்வளவு நுணுக்கமான பூவேலை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த முரண்.

உடை அரசியலாகவும் இருந்தது. 1838இல் அய்தின் ஆளுநர் தாஹிர் பாஷா இந்த உடைக்குத் தடை போட்டபோது கலகம் மூண்டது.

பொம்பளைங்க ஆட மாட்டாங்களா? எல்லா வீடியோலயும் ஆம்பளைங்கதான் இருக்காங்க.

ஆடுவார்கள், எப்போதும் ஆடியிருக்கிறார்கள். அது நடந்த இடம் பெண்கள் மட்டும் கூடும் மருதாணி இரவு. அங்கே ஆண் வாத்தியக்காரர் வரக் கூடாது என்பதால் பெண்களே கொட்டுவார்கள், பாடுவார்கள். மூலா பக்கம் 'தெல்பெக்' என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டு பாடுவதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் உண்டு. கேமரா உள்ளே போகாததால் வீடியோ குறைவு.

பெண்களின் ஸெய்பெக்கில் தாளக்கணக்கு அதே ஒன்பதுதான். கை இவ்வளவு விரியாது, முழங்கால் தரையைத் தொடுவதும் குறைவு. இன்றைய வகுப்புகளில் பெண்கள் 'ஆண் ஆட்டத்தையே' ஆடுகிறார்கள். எங்கள் வகுப்பில் சத்தமே இல்லாமல் முழங்காலை இறக்கியவர் ஒரு பல் மருத்துவப் பெண்மணி.

அதாதுர்க் கூட இதை ஆடினாராமே, உண்மையா?

உண்மை, துருக்கிக் குடியரசை நிறுவிய அவருக்கு மிகவும் பிடித்த ஆட்டம். ஆனால் இதற்கு முன்னால் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துருக்கியில் உடற்கல்வியைக் கொண்டுவந்த ஸெலிம் ஸிர்ரி தர்ஜான் 1909இல் படிக்க ஸ்வீடன் போனார். அங்கே படித்தவர்களும் தங்கள் கிராமிய ஆட்டங்களைப் பெருமையாக ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, ஸெய்பெக்கை எடுத்து, ஒழுங்குபடுத்தி, கோட்டு சூட்டோடு மண்டபத்தில் ஆடுகிற மாதிரி ஒரு வடிவம் செய்தார். 1925இல் இஸ்மிரில் அதாதுர்க் முன்னால் அது ஆடப்பட்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம் என்பதுதான் அதில் புதுமை. குடியரசின் புது முகத்துக்குப் பொருத்தமாக இருந்ததால் அவர் பாராட்டினார்.

1938 பிப்ரவரியில் புர்சாவில் நடந்த விருந்தில், உடம்பு மிகவும் மோசமாக இருந்தபோதும், 'ஸாரி ஸெய்பெக்' என்ற பாட்டை வாசிக்கச் சொல்லி ஆடினார் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த நவம்பரில் இறந்துவிட்டார். அதனால் ஸாரி ஸெய்பெக் வாசித்தால் சில பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இது கிரேக்க டான்ஸ்னு ஒருத்தர் என்கூட சண்டையே போட்டார். யார் சொல்றது சரி?

இருவருமே வீட்டுக்குப் போகலாம். கிரேக்கத்தில் 'ஸெய்பெகிகோ' என்று ஒன்று இருக்கிறது. பெயர், ஒன்பது எண்ணிக்கை, தனியாள் ஆட்டம், எல்லாம் ஒன்றே. ஏஜியனின் இரு கரையிலும் கிரேக்கர்களும் துருக்கியர்களும் கலந்து வாழ்ந்தார்கள். 1922இல் முடிந்த கிரேக்க-துருக்கிப் போருக்கும் 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்துக்கும் பிறகு சிற்றாசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், கிரேக்க கிறிஸ்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் கிரேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிரேயஸ் துறைமுகச் சேரிகளில் அவர்களோடு இந்தத் தாளமும் குடியேறியது. ஸுர்னாவின் இடத்தில் புஸூக்கி என்ற தந்தி வாத்தியம் வந்தது, மலையின் இடத்தில் மதுக்கடை.

குணமும் மாறியது. துருக்கி ஸெய்பெக் ஊர் முன்னால் நிமிர்ந்து நிற்பது. கிரேக்கத்தது தன் துக்கத்தோடு தனியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி ஆடுவது. ஒருவர் பணம் கொடுத்துப் பாட்டைக் கேட்டால் அந்தத் தளம் அவருடையது, வேறு யாரும் நுழையக் கூடாது. 1973இல் ஏதென்ஸ் இரவு விடுதி ஒன்றில் அந்த விதி மீறப்பட்டதால் தொடங்கிய சண்டையில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். படத்தில் பார்த்த 'ஸோர்பா' ஆட்டம் இதுவா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, அது 'சிர்தாகி' என்ற வேறு ஆட்டம்.

தனி ஆட்டம்னு சொல்றீங்க, ஆனா ஸ்டேஜ்ல இருபது பேர் மெஷின் மாதிரி ஒண்ணா ஆடறாங்களே?

அது மேடைக்காக வந்தது. பள்ளி, பல்கலைக்கழகக் குழுக்கள், போட்டிகள், நடுவர்கள் என்று வந்தபோது மதிப்பெண் போடுவதற்கு எல்லாரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டுக்கு ஒரே அடவு வரிசை என்று நிலைத்தது. வானொலியும் இசையில் அதையே செய்தது. ஊருக்கு ஊர் மாறிய பாட்டுகள் ஒரு பதிவில் உறைந்துபோயின.

மேடை ஆட்டம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கற்றதே அப்படித்தான், அது இல்லாவிட்டால் நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டமே தெரிந்திருக்காது. ஆனால் மேலே சொன்ன காத்திருப்பு இருபது பேருக்கும் ஒரே அளவாக இருக்க முடியாதே. அளந்து வைத்த காத்திருப்பில் எனக்குச் சுவாரசியம் இல்லை. கிராமத்துக் கல்யாணத்தில் மூன்று பேர் ஒரே பாட்டுக்கு மூன்று விதமாக ஆடி, கட்டையடி விழும்போது மட்டும் மூவரும் சேர்வதைப் பார்த்தால் புரியும்.

அங்க கல்யாணத்துக்குப் போனா நானும் எழுந்து ஆடலாமா?

ஹலாய் என்றால் யார் கையையும் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடலாம். ஸெய்பெக்கில் பொறுங்கள். கிராமங்களில் யார், எப்போது, எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்று வரிசை உண்டு. ஒருவர் தன் பாட்டைக் கேட்டு எழுந்தால் அது முடியும் வரை அவருடைய களம். வீட்டுக்காரர் கூப்பிட்டால் எழுந்திருங்கள். வாத்தியக்காரருக்குப் பணம் கொடுப்பது மரியாதை. ஸுர்னாக்காரரின் நெற்றியில் நோட்டை ஒட்டுவார்கள், எனக்குக் கூச்சமாக இருந்ததால் கையில் கொடுத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நகரத்து மண்டபத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே மாப்பிள்ளையே எழுந்து 'ஹர்மந்தலி' என்ற ஸெய்பெக்கை ஆடுவார், நண்பர்கள் சுற்றி முழங்காலிட்டுக் கைதட்டுவார்கள். கைதட்டலாம், தட்டும்போது எட்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

சரி, எதிலிருந்து கேக்க ஆரம்பிக்கறது?

முதலில் 'ஹர்மந்தலி', தாவுல் ஸுர்னாவோடு. எல்லா வகுப்பிலும் முதல் பாடம் அதுதான், வீடியோவும் கொட்டிக்கிடக்கிறது. அப்புறம் மூலாவின் 'கெரிமோலு', ஒரு தனி பாலமாவில் வாசித்ததாகப் பார்த்துக் கேளுங்கள். இராத்திரியில் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மூன்றாவதாக சகிர்ஜலியின் பாட்டு.

முதல் முறை எண்ண வேண்டாம். இரண்டாம் முறை கட்டையடியை மட்டும் பிடியுங்கள். மூன்றாம் முறை 'தக-திமி-தக-தகிட' போட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் 'தகிட'வை முன்னால் வைத்துப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் நடுவில். எனக்குக் கெரிமோலு பிடிபட இரண்டு வாரம் ஆனது, அதுவும் மெட்ரோவில் நின்றுகொண்டிருக்கும்போது.